உக்ரைன்ல குண்டு விழுந்தா மார்த்தாண்டத்துல பஃப்ஸ் ஏன் சின்னதாகுது?

11 மார்ச் 2022

தக்கலைக்காரர் ஒருவர் போட்ட கேள்வி, வெட்டாமல் ஒட்டாமல்:

"எங்கேயோ உக்ரைன்ல சண்டை. நம்ம ஜில்லாவுல வீட்டுக்கு வீடு தென்னை நிக்குது, தேங்காய் எண்ணெய்தான் ஊத்துறோம். அப்புறம் எதுக்கு பேக்கரியில பஃப்ஸ் சின்னதாகுது? சண்டையைச் சாக்கா வச்சு வியாபாரிங்க அடிக்கிற கொள்ளை. மறுக்கிறவங்க மறுக்கலாம்."

மறுக்கிறேன். கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டம் பக்கம் இருபத்தாறு வருஷமாகப் பேக்கரி நடத்துகிறவன் நான்.

ஏத்தங்காய் சிப்ஸ்தான் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. பஃப்ஸ் வேறு சாதி. மாவை விரித்து, நடுவில் மார்ஜரின் வைத்து, மடித்து, உருட்டி, மறுபடி மடித்து அடிக்கணும். அந்த மார்ஜரின் பாமாயிலின் பிள்ளை. இந்தியாவில் சமையலுக்கு ஊற்றுகிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் இறக்குமதியில் பத்து டின்னுக்கு ஏழு உக்ரைன் சரக்கு. பிப்ரவரி 24-ல் சண்டை தொடங்கியது, ஒடெசா துறைமுகம் அடைந்தது. சூரியகாந்தி கிடைக்காதவன் பாமாயிலுக்கு ஓடுகிறான், அது கிடைக்காதவன் சோயாவுக்கு ஓடுகிறான். எல்லா டின்னும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஏறுகிறது. கோட்டாறு மொத்தக்கடையில் போன வாரச் சிட்டையும் இந்த வாரச் சிட்டையும் என் மேசையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆள் கையெழுத்து, ஒரே சரக்கு. பார்த்தால் வேறு வேறு கடைச் சிட்டை மாதிரி இருக்கும்.

பஃப்ஸை நான் சின்னதாக்கியது உண்மை. மாவு வெட்ட ஒரு அளவுக் கட்டை உண்டு, 11 சென்டிமீட்டர். திங்கள்கிழமை முதல் புதுக் கட்டை, 10 சென்டிமீட்டர். விலையை ஏற்றினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்காது. ஒன்பது விழுக்காடு குறைத்தேன், அவ்வளவுதான். இதில் கொள்ளை எங்கே?

மைதாவுக்குப் பயமில்லை. கோதுமையில் நம் நாடு யார் கையையும் பார்க்கவேண்டியதில்லை.

12 மார்ச் 2022

காலையில் மகள் இதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, பஃப்ஸுக்கு நாலு பக்கம் உண்டு." 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121, பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. குறைந்தது 21. ஆறில் ஒரு பங்கு. ஒன்பது விழுக்காடு என்றதைத் திருத்திக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் எடுத்த மார்க்கை யாரும் கேட்கவேண்டாம்.

14 மார்ச் 2022

தூரத்துச் சண்டை வயிற்றைத் தொடாது என்கிறவர்களுக்கு என் கதை.

1990-ல் எனக்கு 21 வயசு. குவைத்தில் ஃபர்வானியாவில் குபூஸ் (அரபு ரொட்டி) கடையில் மாவு பிசைகிற வேலை. குவைத்தில் எண்ணெய் உண்டு, பணம் உண்டு. நெல் கிடையாது, கோதுமை கிடையாது. வாய்க்குள் போகிற எல்லாம் கடல் தாண்டி வரவேண்டும். ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியுமுன் இராக் படை உள்ளே வந்தது. ஆகஸ்ட் 6-ல் ஐ.நா. வணிகத் தடை போட்டது. கப்பல் வரத்து நின்றது.

எங்கள் கடையில் தலைமைக்காரர் ஒரு மிஸ்ரி. எகிப்துக்காரர்களை அங்கே அப்படித்தான் சொல்வது. அவர் வாயில் ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர். குவைத்துக்காரர்களுக்கு 'ஐஷ்' என்றால் சோறு. ஒரே வார்த்தை, ஒருத்தனுக்கு ரொட்டி, ஒருத்தனுக்குச் சோறு. வேரில் போய்ப் பார்த்தால் உயிர்வாழ்தல் என்று பொருள். சும்மா நாளில் இதை வைத்து வாடிக்கையாளர்களும் அவரும் கிண்டலடித்துக்கொள்வார்கள். அந்த ஆகஸ்டில் கிண்டல் இல்லை. அதிகாலை நாலு மணிக்கே வரிசை. பென்ஸ் காரை ஓரமாக விட்டுவிட்டு வந்த குவைத்துக்காரர், அவர் பின்னால் அவர் வீட்டு டிரைவர் மலையாளி, அவருக்குப் பின்னால் வங்காளதேசத்துத் தோட்டக்காரன். தலைக்கு இத்தனை குபூஸ் என்று எண்ணிக் கொடுத்தோம். மாவு வண்டி வருகிற நாளில் போர்மாவை, அதாவது ரொட்டி சுடுகிற அடுப்பை, பற்றவைப்போம். வராத நாளில் மிஸ்ரி வாசலில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்.

இன்னொன்று. என் கையில் மிச்சம் பிடித்த தினார் இருந்தது. குவைத் தினாரும் இராக் தினாரும் ஒன்றுக்கு ஒன்று என்று அறிவித்தார்கள். அப்புறம் குவைத் தினார் செல்லவே செல்லாது என்றார்கள். ஊரில் அப்பன் ஓடு போட வைத்திருந்த கணக்கு அதோடு போயிற்று.

செப்டம்பரில் கிளம்பினேன். பஸ்ஸில் பஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லை. மணலில் கூடாரம். ரொட்டியும் தக்காளியும் தருவார்கள், சில நாள் ரொட்டி மட்டும். அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய். அப்படி ஒரு லட்சம் பேருக்கு மேல் கொண்டுவந்தார்கள். பம்பாயிலிருந்து ஜெயந்தி ஜனதா ரயில். குழித்துறையில் இறங்கி வீட்டுக்கு வந்தால், அம்மை மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து சாளைக் கறி ஊற்றி வைத்தாள். மூன்று தட்டு தின்றேன். "குவைத்துல சோறு போடலியாலே மக்கா?" என்றாள்.

15 மார்ச் 2022

குளச்சல்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். "அண்ணே, உங்க கதையில சண்டை வீட்டுக்குள்ளேயே வந்துட்டே, அது எப்படி தூரத்துச் சண்டை?"

சரிதான். உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டேன். சுட்டவன் குவைத்திலேயே நின்றான், அந்தக் கதை இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. தூரத்துச் சண்டைக்கு வேண்டுமானால் என் பாட்டி கதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபின் எழுதுகிறேன்.

20 மார்ச் 2022

என் பாட்டி வருஷத்தை எண்ணால் சொல்லமாட்டாள். பெரியப்பா பிறந்தது "ரங்கூன் போன மறு வருஷம்". கிழக்குப் பக்கத்துக் கிணறு வெட்டியது "ரங்கூன் போறதுக்கு முந்தி". சின்னதில் எனக்கு ஒரு குழப்பம், யாரோ சொந்தக்காரர் ரங்கூனுக்கு வேலைக்குப் போனார் போல என்று. எங்கள் குடும்பத்தில் யாரும் போகவில்லை. ரங்கூனேதான் போயிற்று. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் பிடித்தான்.

அந்நாளில் உலகத்திலேயே அதிகம் அரிசி விற்ற நாடு பர்மா. நாங்கள் அப்போது திருவிதாங்கூர். சமஸ்தானத்தில் விளைந்த நெல் சமஸ்தானத்து வயிற்றுக்குப் பற்றாது, பெரும்பங்கு வெளியிலிருந்து வரணும், அதில் ரங்கூன் அரிசி முக்கியம். ரங்கூனுக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. எங்கள் ஊரில் ஒரு ஜப்பான்காரனையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வருஷ மழைக்காலத்தில் பாட்டி வீட்டு அடுப்பில் அரிசி ஏறுவது வாரத்துக்கு இரண்டு நாளாகிவிட்டது. மிச்ச நாள் மரச்சீனி. அவித்தது, உணக்கியது, இடித்து மாவாக்கிப் புட்டு. பனையேறுகிற வீடு என்பதால் அக்கானி (பதநீர்) உண்டு. ஒரு கை அரிசியை அக்கானியில் வேகவைத்து ஆறு பேர் குடித்தோம் என்பாள். ரேஷனில் நாழிக் கணக்கில் அளந்த அரிசியில் புழு நெளியும். புழுவைத் தனியாகப் பொறுக்கமாட்டார்களாம், "பொறுக்கினா அளவு குறையும்லா."

மரச்சீனி சமாச்சாரம் ஒன்று சொல்லாமல் விட முடியாது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராஜாதான் அந்தக் கிழங்கை ஊரெல்லாம் நடச் சொன்னவர். விஷக்கிழங்கு என்று சனம் பயந்ததாம். அரண்மனையில் அவித்து, ராஜாவே தின்று காட்டினார் என்று ஒரு கதை எங்கள் பக்கம் நடமாடும். கதையோ நிஜமோ, அறுபது வருஷம் கழித்து பாட்டி வயிறு அதில்தான் ஓடியது.

பாட்டியின் அப்பன், என் முப்பாட்டா, இருட்டின பிறகு நாஞ்சில் நாட்டுக்கு நடப்பாராம். அங்கே ஒரு கூட்டாளி களத்து நெல்லில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பான். அரசாங்கம் நெல்லை அளந்து எடுத்துக்கொண்ட காலம். தலையில் சுமந்தால் பிடிப்பான் என்று இடுப்பைச் சுற்றித் துணியில் தைத்துக் கட்டிக்கொண்டு, வில்லுக்குறி தாண்டும்வரை இருமக்கூட மாட்டாராம். இப்போது களியக்காவிளையில் ரேஷன் அரிசி மூட்டையோடு ஆட்டோ பிடிபட்டது என்று பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு முப்பாட்டாவின் இடுப்பு ஞாபகம் வரும். தப்புத்தான். ஆனாலும் ஞாபகம் வருகிறது.

22 மார்ச் 2022

"நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று படித்திருக்கிறோம், அப்புறம் ஏன் ரங்கூன் அரிசி?" என்று ஒருவர். நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன்.

களஞ்சியம் ஒரு ஓரத்தில் இருந்தது. பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தபின் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் நின்று விளைந்தன. ஆனால் சமஸ்தானத்தின் மற்ற பக்கம் தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர் என்று காசுப் பயிராகிவிட்டது. கொப்பரையும் கயிறும் விற்ற காசில் அரிசி வாங்குவது லாபம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். சமாதான காலத்தில் அந்தக் கணக்கில் பிழையில்லை. சண்டை வந்ததும் அரிசிக் கப்பல் மட்டுமா நின்றது? கயிற்றுப் பாய் ஏற்றிப் போகிற கப்பலும் நின்றது. அரிசியும் இல்லை, அரிசி வாங்கக் கூலியும் இல்லை. ஆலப்புழை பக்கம் கயிற்றுத் தொழிலாளிகள் பட்ட பாடு எங்களைவிடப் பெரிசு. அவர்களுக்குப் பனை கிடையாது.

இங்கே ஒரு கோணல். அதே ஜப்பான்காரன் அதே 1942-ல் மலேயாவையும் பிடித்தான். உலகத்து ரப்பரில் பெரும்பங்கு அவன் கைக்குப் போனது. நேசநாடுகளுக்கு மிச்சமிருந்தது இலங்கையும் நம் பக்கமும். ஆக, மலையோரத் தோட்டத்து முதலாளிக்கு அது ரப்பருக்கு ராஜமரியாதை கிடைத்த வருஷம். பாட்டிக்கு ரங்கூன் போன வருஷம்.

இப்போது நம் ஜில்லா எப்படி? வயல் வாழையாயிற்று, வாழை தென்னையாயிற்று, தென்னை வீட்டுமனையாயிற்று. மேட்டில் ரப்பர். அரிசி ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிறது. திருவிதாங்கூர் போட்ட அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். நானும்தான். அப்பன் விட்டுப்போன முப்பது சென்ட் வயலில் என் போர்மா நிற்கிறது.

9 ஏப்ரல் 2022

உரத்தை மறந்துவிட்டேன். தம்பி ஏத்தன் வாழை போட்டிருக்கிறான். ஏத்தன் பொட்டாஷ் தின்னி. பொட்டாஷ் குறைந்தால் குலை இறங்கும், காய் தேறாது. பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் என்று கூட்டுறவுக் கடையில் சொன்னதும் வெறுங்கையோடு திரும்பி வந்தான். நம் நாட்டில் பொட்டாஷ் வெட்டுவதில்லை, மொத்தமும் இறக்குமதி. விற்கிறவர்களில் ரஷ்யாவும் பெலாரஸும் பெரிய கை.

"பாத்தியா, சண்டை வாழைத்தோப்புக்கே வந்துட்டு" என்றேன். பிறகு தேடிப் பார்த்தால் முழுசும் அப்படி இல்லை. பெலாரஸ் மேல் தடை முந்தியே விழுந்தது. அவர்கள் சரக்கு லிதுவேனியா வழியாக ரயிலில் துறைமுகம் போகவேண்டும், லிதுவேனியா பிப்ரவரி 1-லேயே பாதையை அடைத்துவிட்டது. சண்டைக்கு மூன்று வாரம் முன்பு. எண்ணெயும் போன வருஷமே ஏறிக்கொண்டுதான் இருந்தது. எரிகிற வீட்டில் பெட்ரோல் விழுந்தது மாதிரி. பெட்ரோல்மேல் மட்டும் பழி போட்டால் முதலில் தீக்குச்சி உரசினவன் தப்பித்துவிடுவான்.

உலக உணவு விலைக் குறியீடு மார்ச்சில் என்றுமில்லாத உச்சம் என்று ஐ.நா. உணவு அமைப்பு நேற்று சொல்லியிருக்கிறது.

30 ஏப்ரல் 2022

இந்தோனேசியா 28-ம் தேதி முதல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. உலகத்திலேயே அதிகம் பாமாயில் எடுக்கிற நாடு. அங்கே யாரும் யாரையும் சுடவில்லை. தன் ஊர்க்காரனுக்கு எண்ணெய் விலை ஏறுகிறது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஒடெசா அடைந்ததைவிட இது எனக்குப் பெரிய அடி. என் மார்ஜரின் அங்கிருந்துதான்.

ரேஷனில் 25 ரூபாய் பாக்கெட் பாமாயில் வாங்குகிறவர்களுக்கு விலை ஏறவில்லை. வித்தியாசத்தை அரசாங்கம் சுமக்கிறது. வந்தால் வாங்கலாம். "வரல" என்ற அட்டை தொங்குகிற நாளில் 25 ரூபாயை வைத்து என்ன செய்ய?

இதற்கு மேல் மறைக்கவேண்டாம். நேற்று கோட்டாறு போய் இருபது டின் வாங்கி வந்தேன். என் தேவை மாசம் ஆறு. பின்னறையில் மாவு மூட்டைக்குப் பின்னால் அடுக்கி, மேலே சாக்கு போட்டு மூடியிருக்கிறது. மொத்தக்கடையில் எனக்குப் பின்னால் நின்ற டீக்கடைக்காரப் பெண் இரண்டு டின் கேட்டாள், ஒன்றுதான் கிடைத்தது. தக்கலைக்காரர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

14 மே 2022

நேற்று இரவு கோதுமை ஏற்றுமதிக்கு நம் அரசாங்கம் தடை. "மைதாவுக்குப் பயமில்லை" என்று மார்ச்சில் எழுதினேன் அல்லவா? கைவிரலை வெட்டிக்கொள்ளலாம்.

மார்ச்சில் வடக்கே அடித்த வெயில், 122 வருஷப் பதிவில் அப்படி ஒரு மார்ச் கிடையாதாம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் சுட்டு, மணி சுருங்கிவிட்டது. இன்னொரு பக்கம் உக்ரைன் கோதுமை இல்லாததால் வெளிநாட்டு வியாபாரிகள் நல்ல விலை கொடுத்து நம் சரக்கை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாம் வாங்குகிற ஆள் இல்லை, விற்கிற ஆள். ஆனாலும் வெளிவிலை உள்ளே வந்துவிட்டது. ஏப்ரலில் உலகத்துக்கே சோறு போடுவோம் என்று பேச்சு. மே 13-ல் கதவு.

இந்தோனேசியாவைப் போன மாசம் திட்டினவன் நான். இன்றைக்கு மைதா விலை இறங்கும் என்று கேட்டதும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். அதே நேரம் கெய்ரோவில் யாரோ ஒரு மிஸ்ரி வாசலில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்திருப்பார். எகிப்து வாங்குகிற கோதுமையில் பத்தில் எட்டுப் பங்கு ரஷ்யாவும் உக்ரைனும். அதற்கு மாற்றாக நம்மைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

15 மே 2022

1965 பற்றி ஒரு பெரியவர் ஞாபகப்படுத்தினார். பாகிஸ்தான் சண்டை. அமெரிக்கக் கோதுமையை நம்பி நாம் இருந்த காலம். ஜனாதிபதி ஜான்சன் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, மாசத்துக்கு மாசம் பார்த்துப் பார்த்துக் கப்பல் விட்டார். வாரத்தில் ஒரு வேளை சாப்பிடாதீர்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பன் சொன்ன பதில்: "ஒரு வேளை விடச் சொல்லுதாரு. அப்போ மத்த வேளை யாரு தாரா?"

18 ஜூலை 2022

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இந்தோனேசியா மே 23-லேயே கதவைத் திறந்துவிட்டது. அங்கே தொட்டிகள் நிரம்பி, தோட்டக்காரனிடம் காய் எடுக்க ஆளில்லாமல், இப்போது தள்ளிவிட்டால் போதும் என்று விற்கிறார்கள். பாமாயில் உச்சியிலிருந்து மளமளவென்று சரிந்துவிட்டது. என் பின்னறையில் பதினோரு டின் உச்சிவிலைச் சரக்கு. டீக்கடைக்காரப் பெண் போன வாரம் இறங்கின விலையில் இரண்டு டின் வாங்கிப் போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், வேறு எதற்கோ சிரித்திருக்கலாம்.

10 ஆகஸ்ட் 2022

உக்ரைன் தானியக் கப்பல்களைக் கருங்கடல் வழியாக விடுவதற்கு ஜூலை 22-ல் இஸ்தான்புல்லில் ஒப்பந்தம். ஆகஸ்ட் 1-ல் ஒடெசாவிலிருந்து முதல் கப்பல், ரசோனி, 26,000 டன்னோடு லெபனானுக்குக் கிளம்பியது. டிவியில் பார்த்துக் கையைத் தட்டினேன். லெபனான் பாவம். வாங்குகிற கோதுமையில் பெரும்பங்கு உக்ரைன் சரக்கு. 2020 ஆகஸ்ட் 4 வெடிவிபத்தில் பெய்ரூட் துறைமுகத்துத் தானியக் குதிரும் போய்விட்டது, வாங்கினாலும் வைக்க இடமில்லை. அந்த நாட்டுக்கு முதல் கப்பல் போவது பொருத்தம்தானே?

இப்போது படித்தால் கப்பலில் இருந்தது மக்காச்சோளம், தீவனத்துக்கு. ஐந்து மாசம் பிந்தி வருவதால் லெபனானில் வாங்கவேண்டியவன் வேண்டாம் என்றுவிட்டான். கப்பல் வேறு ஆள் தேடிக்கொண்டு போகிறது. கை தட்டினதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

12 செப்டம்பர் 2022

9-ம் தேதி முதல் குருணை ஏற்றுமதிக்குத் தடை. இதை ஒரு செய்தியாகவே நான் மதிக்கவில்லை. நம் வீட்டில் குருணை கோழிக்குத்தான். மழைநாளில் நொய்க்கஞ்சி வைத்தால் உண்டு.

மச்சினன் கப்பலில் சமையல்காரன். காக்கிநாடாவில் அரிசி ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்கா போய் வந்தவன். அவன் போனில் சொன்னான்: "அத்தான், செனகல்ல குருணைதான் சோறு. முழு அரிசி கொடுத்தா முகத்தைச் சுளிப்பான். மீனும் குருணையும் ஒரே சட்டியில வச்சு ஒரு சோறு ஆக்குவான் பாருங்க, நம்ம கடப்புறத்து ஆளுக தோத்துப்போவும்." பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் வியட்நாம் பக்கத்து ஆலைகளில் மிச்சப்பட்ட குருணையைக் கொண்டுவந்து இறக்கிப் பழக்கியதாம் அது. நூறு வருஷத்தில் அதுவே அவர்களுக்கு ஊர்ச் சோறாகிவிட்டது.

சண்டை ஐரோப்பாவில். கோதுமை விலை ஏறி, மக்காச்சோளம் ஏறி, தீவனத்துக்குக் குருணை இழுபட்டு, நம் அரசாங்கம் கோழிப்பண்ணையை நினைத்துக் கதவைச் சாத்தி, செனகல் தலைநகர் டாக்கரில் ஒரு சட்டி காலி. உக்ரைன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தச் சட்டிக்காரிக்குத் தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. பாட்டியும் ரங்கூனைப் பார்த்ததில்லை.

23 ஜூலை 2023

ரொம்ப நாளாயிற்று. 17-ம் தேதி ரஷ்யா கருங்கடல் ஒப்பந்தத்தை விட்டுப் போனது. ஒரு வருஷத்தில் அந்த வழியாகப் போனது மூன்று கோடி டன்னுக்கு மேல். அதில் உலக உணவுத் திட்டம் ஏழை நாடுகளுக்கு எடுத்துப் போனது ஏழே கால் லட்சம் டன். பாதிக்கு மேல் மக்காச்சோளம், அதிகம் இறக்கியது சீனா. ஏழைக்குக் கப்பல் போகவில்லை என்று கத்துகிறவர்கள் உண்டு. ஆனால் எவன் தொட்டியில் விழுந்தாலும் சந்தையில் விலை இறங்கும், அது எல்லாருக்கும் இறங்கும் என்கிற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறேன்.

மூன்று நாள் கழித்து 20-ம் தேதி நம் நாடு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது. உலகத்து அரிசி ஏற்றுமதியில் நூற்றுக்கு நாற்பது நம்முடையது. அமெரிக்காவில் இருக்கிற அக்காள் மகன் படம் அனுப்பினான்: கடையில் வண்டி தள்ளுகிற இடமெல்லாம் பொன்னி மூட்டை, ஆளுக்கு ஆறு ஏழு. அவன் வண்டியில் எட்டு. "ஏம்ப்லே எட்டு?" "எல்லாரும் எடுத்தாவ, நானும் எடுத்தேன் மாமா." எனக்குத் திட்ட வாய் வரவில்லை. என் பதினோரு டின் கதை அவனுக்குத் தெரியும்.

3 செப்டம்பர் 2023

புழுங்கலுக்கும் 20 விழுக்காடு வரி போட்டுவிட்டார்கள், ஆகஸ்ட் 25 முதல். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு அதுதான் சோறு. அமீரகம் ஜூலை 28-லேயே தன் பங்குக்கு அரிசியை வெளியே விடமாட்டேன் என்று நாலு மாசத்துக்குக் கதவைச் சாத்தியது. ஒரு நெல்மணி விளையாத பாலைவனம், வாங்கி விற்கிற அரிசிக்குத் தடை போடுகிறது. கொழுப்பு இல்லை, பயம். 1990-ல் பக்கத்துக் குவைத்தில் அந்த வரிசையைக் கண்ட தலைமுறைதான் இப்போது அங்கே முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிறது.

2 ஜூன் 2024

எகிப்தில் மானிய ரொட்டி நேற்று முதல் 20 பியாஸ்டர் (அந்த ஊர்ச் சில்லறைக் காசு). 1988 முதல் ஐந்து பியாஸ்டர்தான். நான் குவைத் போவதற்கு முன்பிருந்த விலை இதுவரை நின்றிருக்கிறது. 1977 ஜனவரியில் ரொட்டியில் கை வைக்கப் போய் ஊரே எரிந்தது, அந்தப் பயம் அதன் பிறகு ஆண்டவர்களை விடவில்லை. மிஸ்ரி அந்தக் கலவரத்தில் கல் எறிந்ததாகச் சொல்வார். "யாருமேல?" என்றால் "தெரியாது, எல்லாரும் எறிந்தார்கள்" என்பார்.

6 அக்டோபர் 2024

வெள்ளை அரிசித் தடை போன மாசம் 28-ல் நீங்கியது. இந்த இழையில் எழுத இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது தக்கலைக்காரர் இரண்டரை வருஷம் கழித்து வந்து ஒரே வரி போட்டிருக்கிறார்: "எண்ணெய் இறங்கிச்சே, பஃப்ஸ் ஏறிச்சா?"

கேள்வி அவருடையது, பதில் சொல்லவேண்டியது நான்.

ஏறவில்லை. 2022 ஜூலையில் பாமாயில் இறங்கியது, என்னிடம் பழைய டின் இருந்தது, அதனால் மாற்றவில்லை. டின் தீர்ந்தது, அப்போது மைதா ஏறியிருந்தது. மைதா கொஞ்சம் ஆறியது, அப்போது பிள்ளைகள் 10 சென்டிமீட்டருக்குப் பழகியிருந்தார்கள். இப்போது செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியை நம் அரசாங்கமே 20 விழுக்காடு கூட்டியிருக்கிறது, எண்ணெய்வித்து விவசாயிக்காக. டின் மறுபடி ஏறுகிறது. இந்தத் தடவை சண்டைமேல் போட முடியாது. தேங்காய் எண்ணெயும் ஏறுவதால், வீட்டுக்கு வீடு தென்னை என்ற அவருடைய வாதமும் அடிபட்டது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பழைய கட்டை போர்மாவுக்கு மேல் அலமாரியில் கிடக்கிறது, மாவு படிந்து வெள்ளையாக. இன்று காலை மாஸ்டர் அதை எடுத்துத் துடைத்தான். "மொதலாளி, இதை இறக்கட்டா?" என்றான்.

கிறிஸ்மஸ் கழியட்டும் என்றேன்.